விரல் நுனித் தசைநாண் அறுந்த மும்பைவாசிகளின் ஸ்பிளிண்ட் அனுபவங்கள்

மாட்டுங்கா வாசகி:

மெத்தைக்கு அடியில் படுக்கை விரிப்பைச் செருகும்போது நடுவிரலின் நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்து, நுனி மடங்கித் தொங்கிவிட்டது என்றால் இங்குள்ளவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எலும்புக்குச் சேதமில்லை என்று எக்ஸ்ரே காட்டியது. நகத்தை ஒட்டிய மூட்டை மட்டும் நேராக நிறுத்தும் ஸ்பிளிண்ட்டை 6 முதல் 8 வாரங்கள் வரை இரவும் பகலும் அணிய வேண்டும் என்றும், இடையில் ஒரே ஒருமுறை நுனி மடங்கினாலும் கணக்கை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

என்னை இன்றும் உறுத்துவது அந்தக் காயம் அன்று. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த, என் மாமியாரின் தமக்கை. கெடு முடியச் சில நாட்களே இருந்த நிலையில், ஒரு மதியம் நான் கண்ணயர்ந்த வேளையில், அவர் என் கையைத் தம் மடியில் எடுத்து வைத்து, பிளாஸ்திரியைப் பிரித்து, விளக்கெண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தார். நான் விழித்ததும், "பார், எவ்வளவு சுலபமாக மடங்குகிறது! இதைப் போய் இத்தனை நாள் கட்டிவைத்தார்களே!" என்று நுனியை மடக்கிக் காட்டினார். அவர் கையை எடுத்த பிறகு அது நிமிரவே இல்லை. அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து எனக்கு வாய் எழவில்லை. மறுநாள் சிகிச்சையாளர் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, விரலின் அளவுக்குப் புதிய ஸ்பிளிண்ட் ஒன்றை வார்த்துப் பொருத்திவிட்டு, நாட்காட்டியில் அன்றைய தேதியை வட்டமிட்டார். பெரியம்மாவிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. விரல் நேரானதற்குத் தம் விளக்கெண்ணெயே காரணம் என்று அவர் ஊர் முழுவதும் சொல்லி வருகிறார்.

செம்பூர் தந்தை:

மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீக்கின் ஈர ஆடுகளங்களில் பந்து எப்படி எழும்பும் என்பது இங்குப் பலருக்கும் தெரியும். விக்கெட் கீப்பரான என் மகனின் மோதிர விரல் நுனியில் அப்படி ஒரு பந்து பட்டது. விரல் பிசகிவிட்டது என்று கருதிய சக வீரர் ஒருவர், கூடாரத்தில் அதன் நுனியைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார். மகன் கத்தவில்லை, கையுறையைக் கடித்துக்கொண்டான். அந்தக் கையுறையில் பற்கள் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. தசைநாண் தன்னோடு எலும்புத் துண்டு ஒன்றையும் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது, அது மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம், மூட்டும் இடம் நழுவியிருந்தது என்பதால், அறுவை சிகிச்சை செய்து மெல்லிய கம்பி செருகினார்கள். மாட்டுங்கா சகோதரியும் அப்படியே செய்திருக்கலாம் என்பது என் கருத்து. ஸ்பிளிண்ட் என்பது காலத்தைக் கடத்தும் வேலை. கம்பியைப் போட்டுவிட்டால் எந்தப் பெரியம்மாவாலும் கழற்ற முடியாது.

முலுண்டு முதியவன்:

செம்பூர் நண்பரின் மகனுக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தும் என்று அவர் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. எலும்பு பெயராத காயத்துக்கும், சிறு துண்டு மட்டும் பெயர்ந்து மூட்டு நழுவாதிருக்கும் காயத்துக்கும் முதல் மருந்து ஸ்பிளிண்ட்தான். கம்பி போட்ட இடத்தில் சீழ் பிடிப்பதும், நகம் கோணலாக வளர்வதும், மூட்டு இறுகிப்போவதும் உண்டு என்பதை அவர் குறிப்பிடவே இல்லை. என் கதை சிறியது: லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கை நீட்டியபோது யாருடைய பையோ மோதிச் சுண்டுவிரல் தொங்கியது, ஊருக்குப் போய்த் திரும்பிச் சில வாரங்கள் தாமதமாகச் சென்றபோதும் ஸ்பிளிண்ட்டே போதும் என்று சொல்லி மருத்துவர் என்னைத் திருப்பி அனுப்பினார்.

கேட்கப்படாவிட்டாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரின் மழைக்காலத்தில் ஸ்பிளிண்ட்டுக்குள் ஈரம் தங்கித் தோல் வெளுத்து ஊறிப்போகும் என்பதால், அதை அவ்வப்போது கழற்றித் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் கழற்றும்போது உள்ளங்கை கீழே இருக்கும்படி விரலை மேசைமேல் தட்டையாக வைத்து, நுனி மேசையை விட்டு எழாமலும் தொங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், இயன்றால் அதை வேறொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்வது நல்லது. நுனியை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்துக் கட்டினால் மூட்டின் மேல்புறத் தோல் வெளிறும், ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும். நடு மூட்டையும் சேர்த்துக் கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை, அந்த மூட்டை நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். கெடு முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இரவில் மட்டும் ஸ்பிளிண்ட்டை அணியச் சொல்வார்கள். இவ்வளவு செய்த பின்னும் மூட்டின்மேல் சிறு புடைப்பும் நுனியில் இலேசான சரிவும் எஞ்சலாம். அதற்காக யாரும் மருத்துவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "வலிக்கவில்லையே" என்று அப்படியே விட்டுவிடுபவர்களுக்கு நாளடைவில் நுனி கீழே சரிய, நடு மூட்டு பின்பக்கமாக வளைந்து, விரல் அன்னத்தின் கழுத்தைப் போலக் கோணிவிடுவதும் உண்டு.

தாராவி கபடி ஆட்டக்காரன்:

மேலே எழுதிய மூவரும் நிமிராத விரலைப் பற்றியே பேசுகிறீர்கள்; என்னுடையது மடங்காத விரல். தப்பி ஓடிய ரைடரின் கால்சட்டையை நான் பற்றியிருக்க, அவர் திமிறியதில் மோதிர விரலின் நுனி மாட்டிக்கொண்டது. இதே போன்ற அறிவுரைகளை எங்கோ கேட்டிருந்த எங்கள் அணித்தலைவர், ஐஸ்கிரீம் குச்சியை வைத்து விரலை நேராகக் கட்டிவிட்டு, எட்டு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். அன்றிரவு வடாபாவ் வாங்கச் சென்ற கடையில் எனக்குப் பின்னால் நின்ற முதியவர் ஒருவர், கட்டைப் பிரித்துக் கையை மூடிக் காட்டச் சொன்னார். நான்கு விரல்கள் மடங்கின, மோதிர விரலின் நுனி மட்டும் நேராக நின்றது. "நாளைக்கே போ, தம்பி, இது உள்ளே அறுந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, தம் பெயரைக்கூடச் சொல்லாமல் அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

விரலை மடக்கும் தசைநாண் எலும்பிலிருந்து அறுந்தால் உள்ளங்கை வரை சுருங்கிப் போய்விடக்கூடும்; ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் எடுத்துத் தைக்காவிட்டால் பிறகு அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவருவது கடினம் என்று அறுவை மருத்துவர் விளக்கினார். தைத்த பிறகு எனக்கும் ஸ்பிளிண்ட் போட்டார்கள்தான். ஆனால் அது புறங்கையில் பொருத்தப்பட்டு, விரல்கள் நிமிர்ந்துவிடாதபடி மடங்கிய நிலையிலேயே காத்தது. ஆகையால் முலுண்டு ஐயா, தங்கள் அறிவுரைகளின் தொடக்கத்தில், நுனி நிமிரவில்லையா மடங்கவில்லையா என்று முதலில் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எங்கள் அணித்தலைவரைப் போன்றவர்கள் இதையும் படிக்கிறார்கள்.