அயோட்டா: எள்ளளவா, இம்மியளவா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
காணிப் பிணக்கு ஒன்றில் ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைத் தமிழாக்குகிறேன். 'இதில் ஒரு அயோட்டா உண்மையும் இல்லை' என்று ஒரு வரி. 'இம்மியளவும்' என்று போட்டேன். கூட வேலை செய்பவர் 'எள்ளளவும்' என்கிறார். எது சரி?

முல்லைக்கரை:
எள்ளளவுதான். இம்மியை யார் கண்டது? எள்ளு எங்கள் கைபட்ட பொருள். காய்ந்த எள்ளுச்செடிக் கட்டைப் படங்கின் மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். அம்மம்மா படங்கை எவ்வளவு உதறி மடித்தாலும், மாரிக்கு விரிக்கும்போது மடிப்புக்குள் நாலைந்து கிடக்கும்.

பாலையடி:
அக்கா, அயோட்டா விதை இல்லை, எழுத்து. கிரேக்கத்தின் ஒன்பதாம் எழுத்து, ஒரு சின்னக் கோடு. சில உயிரெழுத்துகளுக்குக் கீழே அதை இன்னும் பொடியாக எழுதுவார்கள். மத்தேயு 5:18 இல் 'ஒரு சிறு எழுத்தாகிலும்' என்று நாங்கள் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது அயோட்டாதான். ஆங்கிலத்தில் ஜாட் என்பதும் அதன் வழி வந்த சொல். இம்மியும் ஏட்டுக் கணக்கின் சொல்: முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/1,02,400, இம்மி அதற்கும் கீழே. அதனால் இம்மிதான் பொருத்தம்.

கோவில்மணி:
ஆங்கில ஐ எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளிதானே அயோட்டா?

பாலையடி:
இல்லை தம்பி, கிரேக்க அயோட்டாவுக்குப் புள்ளியே கிடையாது. அந்தப் புள்ளிக்கு டிட்டில் என்று பெயர். பழைய ஆங்கில வேதாகமத்தில் அதே வசனத்தில் ஜாட்டும் டிட்டிலும் சேர்ந்தே வரும். புள்ளியும் லேசான விடயம் இல்லை, 'பல்' என்பதில் அது விழுந்தால் 'பல' ஆகிவிடும்.

முல்லைக்கரை:
பிறப்பு நீங்கள் சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் கிரேக்கர் எண்ணுக்கு எழுத்தைப் பயன்படுத்தியபோது அயோட்டா பத்தைக் குறித்தது. அது சிறியது உருவத்தில்தான், மதிப்பில் இல்லை. பிறகு எப்படிப் பின்னக் கணக்கோடு சேர்ப்பது?

பாலையடி:
பத்து என்பது உண்மைதான். கணக்கை இழுத்தது என் பிழை. ஆனாலும் எழுதுகிறவர்களிடம் பிறந்த சொல்லுக்கு அதே இனத்துச் சொல் நிற்பதையே நான் விரும்புவேன்.

முல்லைக்கரை:
குளக்கட்டு, அந்தக் கடிதத்தை யாருக்கு வாசித்துக் காட்டப் போகிறீர்கள்?

குளக்கட்டு:
இரணைமடுப் பக்கத்துக் கமக்காரர் ஐயா ஒருவருக்கு. அவருடைய காணிதான். சரி, எள்ளளவும் என்று மாற்றிவிட்டேன்.