பஞ்சப்பூரில் இறங்கி உறையூர் போய்ச் சேர்ந்த கதை

உறையூர்க்காரன்:

போன மாதம் அம்மா தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு வந்தார். 55 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் பஞ்சப்பூர் புது பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டார். அங்கிருந்து உறையூர் வீட்டுக்கு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். "தஞ்சாவூர் கிட்டக்கதான்டா இருக்கு, உன் வீடுதான் தூரமாப் போயிடுச்சு" என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

முன்பெல்லாம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெளியே வந்து, கண்ணில் படும் டவுன் பஸ்ஸில் ஏறித் தானே வந்துவிடுவார். நான் அழைத்துவரப் போனால்கூடத் திட்டுவார். 2025 ஜூலை 16 முதல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. புது நிலையம் பெரிசு, சுத்தமாக இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் வெளியூர் பஸ் கீழே, டவுன் பஸ் மேல் தளத்தில். அம்மாவுக்கு முழங்கால் வலி. "அந்த ஓடுற படியில நான் கால் வெக்க மாட்டேன்" என்று எஸ்கலேட்டர் முன்னால் பையோடு நின்றுவிட்டார். லிஃப்ட் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போய், மேலே ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் டவுன் பஸ் பிடித்து, அங்கே இறங்கி, மறுபடி உறையூர் பஸ்ஸுக்கு நின்று... இதெல்லாம் அவர் எனக்குப் போனில் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு அம்மா நம் ஊருக்குள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது அரை மணி நேரம்தான் இருக்கும். மீதி எல்லாம் நின்றதும் நடந்ததும். உங்களுக்கும் இப்படித்தானா? எங்கே மாறுகிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்களேன். சென்ட்ரல் வாசலில் நெரிசல் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குறை மட்டும் சொல்ல வந்தவன் ஆகிவிடுவேன்.

நைட் டூட்டி:

தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வெளியே வர ராத்திரி ஒன்பதே முக்கால் ஆகும். சத்திரம் போய் மாறி, துவாக்குடி பக்கம் போக வேண்டும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் எங்களுக்கு டிக்கெட் இல்லை, ஓசிப் பயணம். என் சம்பளத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மாசம் ஒரு சிலிண்டர் காசு மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் நடக்கும் ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஸ்டாப்பில் நாங்கள் நாலு பெண்கள் மட்டும் நின்றால், அந்த ஓசி பிங்க் பஸ் முப்பது அடி தள்ளிப் போய் நிற்கும். சில நாள் நிற்காமலே போகும். எங்களோடு வார்டில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் ரோட்டு ஓரத்தில் முன்னால் நின்று கை காட்டுவான், நாங்கள் போஸ்டர் ஒட்டிய சுவர் ஓரமாக நிற்போம். பஸ் நின்றதும் ஐந்து பேரும் ஓடுவோம். அவனுக்கு லீவ் என்றால் எங்களுக்குத்தான் கவலை.

எல்லா டிரைவரும் அப்படி இல்லை. ஒருவர் இருக்கிறார், நான் ரோட்டைத் தாண்டி வருவது தெரிந்தால் ஹெட்லைட்டை ஒரு தரம் அணைத்துப் போடுவார். "நிக்கிறேன், மெதுவா வா" என்று அர்த்தம்.

ராத்திரியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஓசி பஸ்ஸுக்குக் காத்திருப்பதா, முன்னால் வரும் தனியார் பஸ்ஸில் காசு கொடுத்து ஏறுவதா? பத்து மணிக்கு மேல் நான் எது முதலில் வந்தாலும் ஏறிவிடுவேன். சத்திரத்தில் நிற்கும் அந்த இருபது நிமிஷம் எனக்கு டிக்கெட்டை விட விலை அதிகம்.

பெல் டவுன்ஷிப்:

நான் பதினான்கு வருஷமாக ஒரே பஸ், ஒரே ஸ்டாப், ஜன்னல் ஓர சீட். மாறுவதே இல்லை. என்னிடம் கேட்டால் திருச்சி பஸ் அருமை என்பேன். பொண்டாட்டியிடம் கேட்டால் வேறு சொல்வாள், அவள் வேலை பார்ப்பது புத்தூரில்.

பழைய கண்டக்டர்:

இருபத்திரண்டு வருஷம் தனியார் டவுன் பஸ்ஸில் இருந்தேன். பெரும்பாலும் சத்திரம் டு சென்ட்ரல், பாலக்கரை வழி. ராத்திரி படுத்தாலும் கட்டில் ஆடும். எங்களைப் பற்றி இங்கே யாராவது திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பஸ் ஏன் ஒரு இடத்தில் ஊர்கிறது, ஏன் இன்னொரு இடத்தில் பறக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பெர்மிட்டில் டைம் இருக்கிறது. முன் வண்டிக்கும் நமக்கும் நாலு நிமிஷம், பின் வண்டிக்கும் நமக்கும் நாலு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்திரத்தில் எடுத்ததும் மெயின்கார்டுகேட் வரைக்கும் உருட்டுவோம். பின் வண்டிக்காரனுக்குச் சேர வேண்டிய ஆளையும் நாமே அள்ளிக்கொள்ளலாம் என்று ஆசை. மரக்கடை வரும்போது பின்னால் அவன் ஏர் ஹாரன் கேட்கும். அவ்வளவுதான், டிரைவர் மிதிப்பார். அதற்குப் பிறகு பாலக்கரையில் கை காட்டும் கிழவி கண்ணுக்குத் தெரியமாட்டாள். மேலப்புதூர் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றால் மட்டும்தான் எல்லா வண்டியும் சமத்தாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

காரணம் கெட்ட புத்தி இல்லை, கலெக்‌ஷன் பேட்டா. வசூலைப் பொறுத்துத்தான் எங்கள் கைக்கு வரும். ஒரு நடைக்கு நூறு ரூபாய் குறைந்தால் முதலாளி எதுவும் கேட்கமாட்டார். பையைக் கொட்டி எண்ணும்போது ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அது போதும்.

இதில் ஒரு நடை மட்டும் வேறு மாதிரி. விடியற்காலை முதல் நடை. பின்னால் வண்டி கிடையாது, முன்னால் வண்டி கிடையாது. மரக்கடை ஸ்டாப்பில் ஒரு கீரைக்கார அம்மா நிற்பார். காந்தி மார்க்கெட்டில் எடுத்த கீரைக்கட்டு, ஈரச் சாக்கு, பஸ் தரையெல்லாம் தண்ணீர். படியில் கூடையை நான்தான் தூக்கி வைப்பேன். அவர் வந்து நிற்கவில்லை என்றால் டிரைவர் சொல்வார், "நாமதான்யா சீக்கிரம் வந்துட்டோம்" என்று. எஞ்சினை அணைத்துவிட்டு நிற்போம். இரண்டு நிமிஷத்தில் அவர் தலை தெரியும். கைக்கெடிகாரத்தை நாங்கள் நம்பியதே இல்லை. எந்த அதிகாரியும் செக் பண்ண வராத அந்த ஒரு நடைதான் நாங்கள் சரியான டைமுக்கு ஓட்டியது.

ஆகவே தம்பி, புது பஸ் விடுகிறோம், ஏ.சி. விடுகிறோம் என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாசச் சம்பளம் கொடுத்து, வண்டியை டைமுக்கு மட்டும் ஓட்டு, ஆள் எவ்வளவு ஏறினால் உனக்கென்ன என்று சொல்லிப் பார்க்கட்டும். பாதி ஹாரன் மறுநாளே நின்றுவிடும்.

ஸ்ரீரங்கம் வடக்கு வாசல்:

ஐயா, நீங்கள் சொன்ன ஹாரன் சத்தத்தில்தான் நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தேன் :)

எனக்கு மறக்காதது காவிரிப் பாலம் மூடிய காலம். 2022 செப்டம்பரில் வேலைக்காக மூடினார்கள், 2023 மார்ச்சில் திறந்தார்கள். அப்போது மெயின்கார்டுகேட் பக்கம் காலேஜில் இரண்டாம் வருஷம். ஸ்ரீரங்கத்திலிருந்து பதினைந்து நிமிஷத்தில் போகிற இடம். பஸ் எல்லாம் சென்னை பைபாஸ் பாலத்தில் சுற்றி ஓயாமரி வழியாக வந்தது. முதல் ஹவர் அட்டெண்டன்ஸ் அந்த செமஸ்டரில் எனக்குப் பாதிதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். சுற்று வழி என்று தெரிந்ததும் எல்லோரும் அரை மணி முன்னால் கிளம்பிப் பழகிவிட்டோம். தெரிந்த தாமதம் பரவாயில்லை. இப்போது பாலம் திறந்திருக்கிறது, ஆனால் பஸ் இரண்டு நிமிஷத்தில் வருமா இருபது நிமிஷத்தில் வருமா என்று இன்றைக்கும் தெரியாது. மூன்று பஸ் ஒன்றாக வரும், அப்புறம் கால் மணிக்கு ஒன்றும் வராது. பழைய கண்டக்டர் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் அது ஏன் என்று புரிகிறது.

பொன்மலைப் பேரன்:

எல்லோரும் ரயிலை மறந்துவிட்டீர்கள். ஸ்ரீரங்கம், டவுன் ஸ்டேஷன், பொன்மலை, ஜங்ஷன் எல்லாம் ஒரே தண்டவாளத்தில் வரிசையாக இருக்கின்றன. திருவெறும்பூருக்குத் தஞ்சாவூர் லைன், கோட்டைக்கும் பாலக்கரைக்கும் கரூர் லைன். ஊருக்குள்ளேயே இத்தனை ஸ்டேஷன் எத்தனை ஊருக்கு இருக்கிறது? பாசஞ்சரில் பத்து ரூபாய் டிக்கெட். ஆனால் வண்டி காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்கிற கணக்கில் வந்தால் யார் நம்பிப் போவார்கள்? தாத்தா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் ரயிலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், இத்தோடு விடுகிறேன்.

வயலூர் ரோடு:

மெட்ரோ வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும்.

உறையூர்க்காரன்:

கோவைக்கும் மதுரைக்கும் அனுப்பிய மெட்ரோ அறிக்கையையே 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டார்களே சார். 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சிக்கு 9 லட்சத்துச் சொச்சம். அது வருகிறபோது வரட்டும். எங்கள் அம்மா அடுத்த மாதமே வருகிறார்.

வயலூர் ரோடு:

சரி, மெட்ரோவை விடுங்கள். எங்கள் நகருக்குள் பஸ்ஸே கிடையாது. மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1997-ல் மினி பஸ் கொண்டுவந்தபோது பஸ் போகாத இடத்தில் 16 கிலோமீட்டர், மெயின் ரோட்டில் 4 கிலோமீட்டர்தான் போகலாம் என்று கணக்கு. பாதி வண்டி பஸ் ஸ்டாண்ட் வரை வராமல் எங்கேயோ இறக்கிவிடும். இப்போது புதுத் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை போகலாமாம். எங்கள் தெருவுக்கு வந்தால் முதல் நாள் டிரைவருக்கு மாலை போடுவேன். இப்போதைக்கு நான் மெயின் ரோடு வரை ஸ்கூட்டரில் போய், ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, பஸ் ஏறுகிறேன். கடைக்காரர் காசு வாங்கமாட்டார். தினம் ஒரு டீ, ஒரு வடை சாப்பிட்டாக வேண்டும். டாக்டர் வடையை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது.

பழைய கண்டக்டர்:

உறையூர் தம்பி, உங்கள் அம்மா கடைசி ஸ்டாப் வரைக்கும் போனதுதான் தப்பு. பஸ் ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும் என்று பெரியவர்களுக்கு ஒரு பழக்கம். தஞ்சாவூர் வண்டி திருவெறும்பூர், காட்டூர், அரியமங்கலம் தாண்டி பால்பண்ணைக்கு வரும். அங்கேயே இறங்கச் சொல்லுங்கள். துவாக்குடியிலிருந்து காந்தி மார்க்கெட் வழியாகச் சத்திரம் போகிற டவுன் பஸ் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். படியும் இல்லை, மாடியும் இல்லை. சத்திரத்தில் ஒரு தரம் மாறினால் போதும். வண்டி ஏறும்போதே கண்டக்டரிடம் "பால்பண்ணை" என்று சொல்லிவைக்கட்டும். இல்லாவிட்டால் பைபாஸில் திரும்பிப் போய்விடுவார்கள்.

நைட் டூட்டி:

ஐயா சொல்வது சரி, நானும் தினம் அந்த வழிதான். ஆனால் பால்பண்ணையில் ரோட்டைத் தாண்டுவது அம்மாவுக்குக் கஷ்டம் அண்ணே. லாரி நிற்கவே நிற்காது. யாராவது கூட நின்று கையைப் பிடித்துத் தாண்ட வைக்க வேண்டும். எனக்கு பகல் டூட்டி இல்லாத நாளாக இருந்தால் சொல்லுங்கள், நான் அங்கேதான் பால் வாங்க வருவேன்.

உறையூர்க்காரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அம்மா நேற்று வந்தார். பால்பண்ணையில் இறங்கினார். நான் முன்கூட்டியே போய் நின்றிருந்தேன், அதனால் நர்ஸ் அக்காவைத் தொந்தரவு செய்யவில்லை. ரோட்டைத் தாண்டவே எட்டு நிமிஷம். பிங்க் பஸ் வந்தது, அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் எடுத்தேன். காந்தி மார்க்கெட் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. ஆனால் அம்மாவுக்கு சீட் கிடைத்துவிட்டது, ஜன்னல் வழியாக வெங்காய விலை கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கியதிலிருந்து வீடு வரைக்கும் ஐம்பது நிமிஷம்.

திரும்பிப் போக எங்கே ஏற வேண்டும் ஐயா? தஞ்சாவூர் பஸ் பால்பண்ணையில் கை காட்டினால் நிற்குமா, இல்லை பஞ்சப்பூரிலேயே சீட் நிரம்பித்தான் வருமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறார்.

பழைய கண்டக்டர்:

ஞாயிறு சாயங்காலம் நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். திங்கள் காலை அனுப்புங்கள்.