இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் நீங்கள் பார்த்தது என்ன?

குன்றேறி:
போன ஆகஸ்டில் சில்டர்ன் குன்றுகளில் உள்ள ஆஸ்டன் ரோவன்ட் காப்பகத்துக்குப் போனேன். எம்40 நெடுஞ்சாலை அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது; லாரி இரைச்சல் ஓயாது. தலைக்கு மேலே ரெட் கைட் பருந்துகள், 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். ஆனால் நான் பெரும்பாலும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் உயரப் புல், மிதித்தால் மணக்கும் காட்டு ஓரிகானோ, தைம். நின்று பார்த்தால் வெறும் மேய்ச்சல் நிலம். மண்டியிட்டால்தான் விஷயமே! இந்த மாதிரிப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்கூட இருக்கும்.

பாதையில் கிடந்த சாணத்தின் மேல் வெளிர்நீலமாக ஏதோ துடித்தது. சாக்ஹில் புளூ பட்டாம்பூச்சிகள், எல்லாம் ஆண்கள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இறக்கை ஓரம் கரும்பழுப்பு, அதற்கு வெளியே வெள்ளைக் குஞ்சம், அதில் குறுக்கே கறுப்புக் கீற்றுகள். என் நிழல் மேலே விழுந்தும் ஒன்றுகூட அசையவில்லை. இதன் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடியை நம்பியே வாழ்கிறது. புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் கூடவே காவல் இருக்கும்.

மழைக்குருவி:
அங்கே ஆடு மேய்கிறதே, பூவெல்லாம் போய்விடாதா?

குன்றேறி:
நேர்மாறு. ஆடு மேயாவிட்டால்தான் போய்விடும். சத்தில்லாத மெல்லிய மண் என்பதால் முரட்டுப் புல் மெதுவாகத்தான் வளரும்; அதையும் ஏதாவது கடித்துக்கொண்டே இருந்தால்தான் சின்னச் செடிகளுக்கு வெயில் கிடைக்கும். 1953-இல் மிக்சோமடோசிஸ் நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புல்லும் புதரும் ஏறி, குட்டைப் புல்லை நம்பியிருந்த அடோனிஸ் புளூ என்ற இன்னொரு நீலப் பட்டாம்பூச்சி பல இடங்களில் காணாமல் போனது.

ஊர்சுற்றி:
நான் ஜூனில் சர்ரேயில் பாக்ஸ் ஹில் போனேன். பீ ஆர்க்கிட் என்ற செடி பூத்திருந்தது. இளஞ்சிவப்பு இதழ்களுக்கு நடுவில் அச்சு அசலாக ஒரு தேனீ, மயிர் உட்பட. ஆண் தேனீயை ஏமாற்ற இவ்வளவு வேஷம். ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்கிறது. மகரந்த உருண்டைகள் இரண்டு நூல் போன்ற காம்பில் தொங்கின. காற்று வீசியதும் ஒன்று ஊசலாடிப் போய்ச் சூல்முடியில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் சாப்பிட உட்காருமுன் தரையைத் தடவிப் பாருங்கள். அங்கே குட்டைத் திசில் என்ற ஒரு முட்செடி இருக்கிறது. தண்டே கிடையாது, முள்ளிலை மட்டும் தட்டையாகப் புல்லோடு புல்லாகக் கிடக்கும். ஜீன்ஸைத் தாண்டியும் குத்தும்.