ஒரு நூல் என்பார்கள், அளந்தால் மூன்று நூல் வரும்: பழைய பிரிட்டிஷ் கார்களின் ஆயில் குழாய் மரைகள்

முதல் பதிவு – சென்னை (அம்பாசடர் மார்க் 2)

சென்ற மாதம் மதுராந்தகம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது ஆயில் அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் திறந்தால், பிளாக்கின் பக்கவாட்டில் நாங்கள் புதிதாகப் பொருத்திய T வடிவ டீ இணைப்பிலிருந்து எண்ணெய் வடிந்து கீழே தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எஞ்சின் பிழைத்தது. பேரிங் உருகியிருந்தால் இந்தப் பதிவை வேறு மனநிலையில் எழுதியிருப்பேன்.

நடந்தது இதுதான். எச்சரிக்கை விளக்கும் வேண்டும், அழுத்தமானியும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, பழைய ஸ்மித்ஸ் மானி ஒன்றை வாங்கினேன். குழாய் நுனியில் இருந்த பித்தளை நிப்பிளை மெக்கானிக் அண்ணன் இரும்பு ஸ்கேலால் அளந்து "மூன்று நூல்" என்றார். கடையில் 3/8 என்று கேட்டு வாங்கி வந்த இணைப்பு கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. இரண்டாம் முறை நிப்பிளையே கையோடு கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு டீயை எடுத்துச் சுழற்றிப் பார்த்து, "ஏறுகிறது, இதுதான்" என்று கொடுத்துவிட்டார். முதல் இரண்டு சுற்று லொடலொடவென்று ஆடியது, பிறகு இறுகியது. மேலே வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஸ்பேனரால் ஓர் அழுத்து. கசிவு இல்லை. நான்கு நாள் நன்றாகத்தான் ஓடியது.

அந்த டீ அமெரிக்க முறை என்.பி.டி. மரை. நிப்பிளோ பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி. இரண்டின் பெயரும் 1/8. ஒன்றில் அங்குலத்துக்கு 27 மரை, மற்றதில் 28. அந்த ஒற்றை மரை வித்தியாசத்தைத்தான் டேப் நான்கு நாள் மறைத்து வைத்திருந்தது.

நம் பட்டறைகளில் ஒரு நூல் என்றால் 1/8 அங்குலம். கம்பி, ஆணி, தகடு எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குச் சரி. குழாய் மரைக்கு மட்டும் சரிப்படாது. 1/8 பி.எஸ்.பி.யின் வெளி விட்டம் 9.73 மி.மீ.; மூன்று நூல் என்பது 9.53 மி.மீ. ஸ்கேலில் பார்த்தால் மூன்று நூல் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்துப் பெயர் வந்தது. மரையோ குழாயின் வெளிப்புறத்தில் வெட்டப்படுகிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். அரை அங்குலம் என்று வாங்கும் ஜி.ஐ. குழாயின் மரையை அளந்தால் ஏறத்தாழ 21 மி.மீ. வரும். அதே குடும்பம்தான் காருக்குள்ளும் இருக்கிறது. குழாய் மரைகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 554 இந்த வடிவத்தையே பின்பற்றுவதால், பி.எஸ்.பி. பொருத்துகள் நமக்கு எட்டாத பொருள் அல்ல. சரியான பெயரைச் சொல்லிக் கேட்டால் ஹைட்ராலிக் கடைகளில் கிடைக்கும்.

உங்களில் யாருக்காவது இதுபோல நேர்ந்திருந்தால் எழுதுங்கள். என்ன மரை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்தவருக்கு உதவும்.

கோயம்புத்தூர் (எம்.ஜி. டி.டி.)

என் வண்டியில் குழப்பம் இன்னும் ஆழமானது. எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சின். முதன்முதலாக அதைப் பிரித்தபோது, விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை முறையின் ஸ்பேனர் போல்ட் தலையில் அச்சாகப் பொருந்தியது. ஆகவே மரையும் விட்வொர்த் என்று நம்பி, துருப்பிடித்த ஒரு துளைக்குள் 5/16 மரை வெட்டும் கருவியை (tap) விட்டுச் சுத்தம் செய்யப் போனேன். கை எதிர்த்தது. நல்ல வேளை, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். உள்ளே இருந்தது 8 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரை.

ஆங்கிலேயர் காருக்குள் மெட்ரிக் எப்படி வந்தது என்று தேடியபோது ஒரு நல்ல கதை கிடைத்தது. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் கோவென்ட்ரியில் இயந்திரத் துப்பாக்கித் தொழிற்சாலை அமைத்தது. இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு அளவுப்படி மரை வெட்டுபவை. போர் முடிந்ததும் அங்கே மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். 1923இல் மாரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டது. மெட்ரிக் மரை தொடர்ந்தது. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்கின் பெட்டியில் இருந்தவை விட்வொர்த் ஸ்பேனர்கள் என்பதால் தலைகளை மட்டும் அந்த அளவில் செய்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எஞ்சின் முழுவதும் மெட்ரிக் என்று முடிவு கட்டியது என் இரண்டாவது தவறு. ஆயில் குழாயின் பாஞ்சோ போல்ட்டுக்கு (எண்ணெய் ஓட உள்ளே துளையிட்ட போல்ட்) மெட்ரிக் தேடி ஒரு மாதம் அலைந்தேன். குழாய்ப் பொருத்துகள் பி.எஸ்.பி.யிலேயே இருந்தன. ஆக, ஒரே எஞ்சினில் தலை ஒரு முறை, உடல் ஒரு முறை, குழாய் ஒரு முறை. இப்போது எந்தத் துளையையும் அதன் பக்கத்துத் துளையை வைத்து நான் ஊகிப்பதில்லை.

கொழும்பு (மாரிஸ் மைனர் 1000)

எனக்கு நேர்ந்தது எதிர்ப்பக்கம். மரை சரியாகத்தான் இருந்தது; டேப்தான் வினையாகியது. ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றும்போது, கசியக் கூடாது என்று டெஃப்லானை ஐந்தாறு சுற்று சுற்றிவிட்டேன். சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. சுவிட்ச் பழுதென்று திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. அந்தச் சுவிட்சுக்கு ஒற்றை வயர்தான். மின்சாரம் எஞ்சினுக்குத் திரும்பும் வழி அதன் மரைதான். டேப் அந்த வழியை அடைத்திருந்தது. டேப்பைச் சுரண்டி எடுத்தவுடன் விளக்கு எரிந்தது.

சுரண்டியபோது இன்னொன்றும் கண்டேன். மரையின் நுனியில் டேப் இழைகள் நைந்து, உட்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவை அறுந்து எண்ணெயோடு போய் அழுத்தம் தணிக்கும் வால்வில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே நடுங்கியது. இப்போது தேவையான இடத்தில் திரவ சீலண்ட் ஒரு சொட்டுத்தான், அதுவும் நுனியில் இரண்டு மரை விட்டு.

மதுரை (லேத் பட்டறை, 31 ஆண்டுகள்)

பிள்ளைகளே, எல்லோரும் விட்டத்தில்தான் தொடங்குகிறீர்கள். விட்டம் இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது மரை கேஜ், அதாவது மரைக்கு ஏற்றபடி பல் வெட்டிய தகடுகளின் கட்டு. விலை அதிகமில்லை. ஆனால் மரைப் பள்ளத்தின் கோணம் பி.எஸ்.பி.க்கு 55 பாகை, என்.பி.டி.க்கும் மெட்ரிக்குக்கும் 60 பாகை என்பதால், விட்வொர்த் 55 பாகைத் தகடுகள் உள்ள கட்டு ஒன்றும், 60 பாகைத் தகடுகள் உள்ள கட்டு ஒன்றும் தனித்தனியாக வேண்டும்.

1/8 நிப்பிளில் மரை ஓடும் நீளம் 9 மி.மீ. இருந்தால் பெரிது. அந்த நீளத்தில் 28 கணக்குக்கு 10 மரை, 27 கணக்குக்கு ஒன்பதரைச் சொச்சம். ஸ்கேலை வைத்து எண்ணி எவராலும் பிரிக்க முடியாது. தகட்டை மரையில் பதித்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சரியான தகடு என்றால் வெளிச்சம் எங்கும் ஒழுகாது. தவறானது என்றால் ஒரு முனையில் கீற்று தெரியும். அதன் பிறகு வெர்னியரை எடுங்கள். மரையின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர் மரை. கூடிக்கொண்டே போனால் கூம்பு மரை. என்.பி.டி. கூம்பு, பி.எஸ்.பி.யில் கூம்பும் உண்டு, நேரும் உண்டு. கூம்பின் சரிவு இரண்டுக்கும் 16க்கு 1.

உங்கள் வண்டிகளில் அடிக்கடி கைக்கு வருபவை இவை. 9.73 மி.மீ., 28 மரை என்றால் 1/8 பி.எஸ்.பி. 13.16 மி.மீ., 19 மரை என்றால் 1/4. 16.66 மி.மீ., அதே 19 மரை என்றால் 3/8. 20.96 மி.மீ., 14 மரை என்றால் 1/2. அரை அங்குலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே என்.பி.டி.க்கும் 14 மரைதான். எண்ணிக்கை உதவாது; பாகைதான் சொல்லும். 55 பாகைத் தகடு பள்ளத்தின் அடிவரை உட்கார்ந்தால் பி.எஸ்.பி.

புதிய வண்டிகளின் சென்சார்களைப் பழைய எஞ்சினில் போடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. எம்10க்கு 1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி) என்ற மெட்ரிக் மரை 1/8 பி.எஸ்.பி.க்கு அண்ணன் தம்பி போலத் தெரியும். அங்குலக் கணக்கில் அது 25.4 மரை. ஒன்றை மற்றதில் விட்டால் தொடக்கத்தில் பிடிப்பதுபோலத் தோன்றி ஏமாற்றும்.

உள்மரையை எப்படிப் பார்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். மென்மையான மரக்குச்சி ஒன்றைத் துளைக்குள் விட்டு, பக்கவாட்டில் அழுத்தி எடுங்கள். மரையின் தடம் குச்சியில் விழும். தகட்டை அந்தத் தடத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பொருத்தும் கையால் கடைசிவரை போக வேண்டும். கூம்பு மரை என்றால்கூட மூன்று நான்கு சுற்று வழுவழுப்பாகப் போக வேண்டும். போகாவிட்டால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். அலுமினியத்தில் உள்ள நேர் மரைத் துளைக்குள் கூம்பு மரையை முறுக்கினால் அது ஆப்பு அடித்ததற்குச் சமம். அப்படி விரிந்து வெடித்த ஃபில்டர் தலைகள் என் பட்டறைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது.

லண்டன் (எம்.ஜி.பி.)

ஐயாவின் பதிவை அச்செடுத்துக் கராஜில் ஒட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. அவர் திருத்தும்போது டோர்ச் பிடித்து நின்ற பழக்கத்தில்தான் இங்கே வந்து இந்தக் காரை வாங்கினேன். போல்ட்டுகள் பெரும்பாலும் யு.என்.எஃப். 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் இந்த ஒரே மரை முறைக்கு ஒப்புக்கொண்டபின் பிரிட்டிஷ் கார்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறின. அதனால் குழாய்களும் மாறியிருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். மானிக்குப் போகும் குழாயின் முனையில் பழைய பி.எஸ்.பி. அப்படியே இருந்தது.

அந்த முனையில் நான் கற்றது, மரை அங்கே இழுத்துப் பிடிக்கும் வேலையை மட்டுமே செய்கிறது என்பதுதான். எண்ணெயைத் தடுப்பது உள்ளே நிப்பிள் அமரும் கூம்பு இருக்கையோ செம்பு வாஷரோதான். இருக்கையில் ஒரு கீறல் இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. வாஷரைத் திரும்பப் போடுவதானால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுகிறேன். செம்பு மறுபடி இளகிவிடும்.

பியூலி பழைய பாகங்கள் சந்தையில் பெட்டி பெட்டியாகப் பித்தளை யூனியன் கிடக்கும். அங்கே போகும்போது அளவு தெரிந்த நிப்பிள்களை ஒரு கம்பியில் கோத்துக்கொண்டு போகிறேன், ஒவ்வொன்றிலும் அளவு எழுதிய துண்டு கட்டி. கையில் அளவுகோலை விட அது விரைவு.

ஆயிலை விட்டு ஒன்று சொல்ல வேண்டும், மன்னியுங்கள். பிரேக் குழாயில் 3/8 யு.என்.எஃப். நட்டும் எம்10க்கு 1 நட்டும் பார்வைக்கு ஒன்றுதான். முதலாவது 9.53 மி.மீ., 24 மரை. அதை மெட்ரிக் துளையில் விட்டால் தளர்வாக உள்ளே போய், இறுகியதுபோலக் காட்டி, பெடலை அழுத்தி மிதிக்கும் நாளில் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். ஆயில் கசிந்தால் எஞ்சின் போகும். இது ஆளைக் கொல்லும். நண்பர் ஒருவரின் வண்டியில் இதை நேரில் கண்டு, அன்றே குழாய் முழுவதையும் மாற்ற வைத்தேன்.

ஈப்போ (மாரிஸ் மைனர்)

ஒரு கேள்வி. பழைய பாகங்களோடு வந்த பித்தளைச் செருகி ஒன்று இருக்கிறது. வெர்னியர் 13.1 காட்டுகிறது, மரை 19 தகட்டில் உட்காருகிறது. அரை அங்குல போல்ட் என்று விற்றவர் சொன்னார். தேய்ந்த அரை அங்குலமா?

முதல் பதிவு எழுதியவர் – சென்னை

ஈப்போ நண்பருக்கு: தேய்ந்தால் விட்டம் குறையும், கூடாது. அரை அங்குலம் 12.7 மி.மீ.தான். பழைய பிரிட்டிஷ் நுண்மரையான பி.எஸ்.எஃப். என்றால் 16 மரை, யு.என்.எஃப். என்றால் 20. உங்களுடையது 1/4 பி.எஸ்.பி. இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். நேர் மரை என்றால் தலைக்குக் கீழே செம்பு வாஷர் வேண்டும்.

என் வண்டியின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். மதுரை ஐயா சொன்னபடி இரண்டு கட்டு கேஜ் வாங்கி, வண்டியில் இருந்த ஒவ்வொரு இணைப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். டீயின் உள்மரையில் நல்ல வேளையாகச் சேதம் இல்லை. பெரம்பூரில் ஒரு லேத் பட்டறையில் பித்தளை அடாப்டர் செய்துகொண்டேன். டீ பக்கம் 27 மரை கூம்பு, மானி பக்கம் 28 மரை உள்மரை, அடியில் நிப்பிளின் கூம்புக்கு ஏற்ற இருக்கை. அறுகோணத்தின் ஒரு முகத்தில் 27 என்றும் எதிர் முகத்தில் 28 என்றும் எண் அச்சால் அடித்துத் தரச் சொன்னேன். டர்னர் தம்பி எதற்கு என்று கேட்டார். எனக்குப் பிறகு இந்த வண்டியைத் திறக்கிறவருக்கு என்றேன்.

நேற்று திண்டிவனம் வரை போய் வந்தோம். சூடான எஞ்சினில் முள் 55க்குக் கீழே இறங்கவில்லை. வீட்டில் இரவு முழுவதும் விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.