திருக்கடையூரில் மணிவிழா முடிந்ததும் தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள்: ஆலோசனை வேண்டும்

கேள்வி: தஞ்சைக் கணக்கர்

வணக்கம். வரும் மாசியில் எனக்கு அறுபது வயது நிறைவடைகிறது. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து திருக்கடையூரில் மணிவிழாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். எத்தனை கலசம் வைப்பது என்பதிலிருந்து வேனில் யார் எந்த இருக்கையில் உட்காருவது என்பது வரை அவர்களே தீர்மானித்துவிட்டபடியால், மாலைக்குக் கழுத்தை நீட்டுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் விழா முடிந்து நாற்பது உறவினர்களும் ஊர் திரும்பியபின், நானும் என் மனைவியும் மட்டும் அங்கிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடிக்குப் போய்க் கடலோரத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்ற ஆசை சில மாதங்களாக மனத்தில் இருந்துவருகிறது.

இதற்கு ஒரு பழைய பாக்கி உண்டு. 1991-இல் திருமணம் முடிந்து நாங்கள் கொடைக்கானலுக்குத் தேனிலவு போனபோது, ஏரியைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று என் தாயாரும், அவருக்குத் துணையாக என் தங்கையும் உடன் வந்துவிட்டார்கள். நால்வருக்கும் ஒரே அறை. அதன்பின் இன்றுவரை நாங்கள் இருவர் மட்டுமாக வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. மருத்துவமனையில் தங்கிய இரவுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நீச்சல் குளமும் வரவேற்பறையில் சந்தனமாலையும் உள்ள பெரிய ரிசார்ட் எங்களுக்கு ஒத்துவராது. மூன்று நான்கு அறைகள் மட்டுமே உள்ள, வீட்டுக்காரர்களே காலைச் சிற்றுண்டி செய்து தரும் சிறிய ஹோம்ஸ்டே போதும். அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. விழா முடிந்த அன்றே போவதா, சில நாள் கழித்துப் போவதா? கடைசியாக ஒன்று: அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா, அல்லது வேன் கிளம்பியபின் சொல்லி வியப்பில் ஆழ்த்தலாமா?

மறுமொழி: மாடிப்படி

ஐயாவுக்கு முன்கூட்டியே மணிவிழா வாழ்த்துகள். நானும் என் மனைவியும் சென்ற தை மாதம் தரங்கம்பாடியில் அத்தகைய ஒரு பழைய வீட்டில் தங்கினோம் என்பதால், பட்டு அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், "கடல் பார்த்த அறை" என்று விளம்பரத்தில் இருந்தால், கடல் கட்டிலிலிருந்து தெரியுமா, ஜன்னலோரம் நின்றால் தெரியுமா, மொட்டை மாடிக்கு ஏறினால்தான் தெரியுமா என்று தொலைபேசியில் நேராகவே கேட்டுவிடுங்கள். இதற்கு முன் வேறோர் ஊரில் நாங்கள் தங்கிய விடுதியில் கடல் தெரிந்தது உண்மைதான். ஆனால் அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஜெனரேட்டர் கொட்டகை ஒன்று இரவு முழுவதும் உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக, முழங்கால் வலி என்கிறீர்கள். தரைத்தள அறையைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காதீர்கள். அங்குள்ள பழைய வீடுகளில் மரப்படிகள் செங்குத்தாகவும் ஒவ்வொரு படியும் உயரமாகவும் இருக்கும். குளியலறை வாசலில் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதையும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா என்பதையும், மின்தடை ஏற்பட்டால் இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடுமா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவதாக, வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று பாருங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்பாஸ்ட் திட்டத்தில் பதிவுபெற வேண்டுமானால், ஒன்று முதல் ஆறு அறைகள் வரைதான் வாடகைக்கு விடலாம், உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே வசிக்கவும் வேண்டும் என்பது விதி. பதிவு இருக்கிறதோ இல்லையோ, அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம் என்பேன். நாங்கள் போன அன்று உப்புக் காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்த ஜன்னல் தாழ்ப்பாளை, வீட்டுப் பெரியவர் ஒரு கோழி இறகில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு விட்டு, கால் மணி நேரம் பொறுமையாக அசைத்துத் திறந்து கொடுத்தார். சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் மேலாளரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று. கழுத்தில் மணிவிழா மாலையோடு போய் நின்றாலும் இருவரின் ஆதார் அட்டையையும் கேட்பார்கள். மறக்காமல் கையில் வைத்திருங்கள். பிள்ளைகளின் பையில் போய்விடப் போகிறது.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை

மாடிப்படி அவர்கள் அறையைப் பற்றிச் சொன்னார். நான் அதில் தங்கப்போகும் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் எங்கள் மணிவிழாவும் திருக்கடையூரில்தான் நடந்தது, நீங்கள் நினைப்பதைப் போலவே என் கணவரும் அன்று மாலையே என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

விழா நாள் எப்படிப்பட்டது என்பது ஆண்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பேத்திக்குத் தலை பின்னி, சம்பந்தியம்மாளுக்கு வெந்நீர் கிடைத்ததா என்று விசாரித்து, ஹோமப் புகையில் உட்கார்ந்து, கலச நீர் அபிஷேகத்தில் நனைந்த பட்டுப்புடவையோடு நடுங்கி, அவசரமாக மாற்றிக்கொண்டு அமிர்தகடேசுவரர் சன்னதி, காலசம்கார மூர்த்தி சன்னதி, அபிராமி சன்னதி என்று வரிசையில் நின்று, காலில் விழுகிறவர்களை எல்லாம் குனிந்து தூக்கி, பந்தியில் யாருக்குப் பாயசம் வரவில்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அவர் சாப்பிடுவார். அன்று மாலை ஆறு மணிக்குப் படுத்த நான் மறுநாள் ஏழு மணிக்குத்தான் எழுந்தேன். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆகவே அன்றே போங்கள், ஆனால் இரண்டு இரவுகள் போதாது, மூன்றாக்குங்கள். முதல் இரவைத் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

வியப்பில் ஆழ்த்துவது என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். முன்பே தெரிந்தால்தான் அவர் இரண்டு பருத்திப் புடவை, தேய்ந்த செருப்பு, முழங்காலுக்கான தைலம், மாத்திரைப் பெட்டி ஆகியவற்றை எடுத்துவைக்க முடியும். தெரியாமல் போனால் பட்டும் வெள்ளிக் குடமும் சீர்வரிசைத் தட்டுகளுமாகக் கடற்கரை வீட்டில் போய் இறங்கி, அவற்றைக் காவல் காத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்திருப்பார். நகை, வெள்ளி எல்லாவற்றையும் எண்ணிப் பிள்ளையிடம் ஒப்படைத்தபின்தான் எந்தப் பெண்ணுக்கும் கடல் கண்ணில் படும்.

காலைச் சிற்றுண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் நான் வழக்கம்போல எழுந்தவுடன் அந்த வீட்டுச் சமையலறைக்குள் போய், வெங்காயம் நறுக்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டேன். அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துத் திருப்பி, திண்ணையோரம் போட்டிருந்த மேசையில் என் கணவருக்கு எதிரே உட்காரவைத்தார். சூடான இட்லி எனக்கு முதலில் வந்தது. கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு காபி வந்தது. சர்க்கரை தனியாக ஒரு கிண்ணத்தில் இருந்தது. என் கணவர் என் தம்ளரில் இரண்டு கரண்டி போட்டுவிட்டார். நான் சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பவள் என்பது, முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து அந்த மேசையில்தான் அவருக்குத் தெரியவந்தது. அவர் குடித்து முடித்தபின் அடுப்படியிலேயே நின்று குடித்துப் பழகியவள் நான். அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

மறுமொழி: மூன்றாம் பாலம்

தரங்கம்பாடியில் பார்ப்பதற்கு ஒரு நாளுக்கு மேல் எதுவும் இல்லை. மூன்று இரவுகள் அலுத்துப்போகும். மயிலாடுதுறையிலிருந்து அங்கே ஓடிக்கொண்டிருந்த ரயிலும் 1986-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. புதுச்சேரிக்குப் போனால் பிரெஞ்சுத் தெருக்களில் இதே போன்ற வீடுகள் நிறைய உண்டு, உணவகங்களும் ஏராளம். கணக்கர் ஐயா அதையும் யோசிக்கலாம்.

மறுமொழி: காரைக்கால் வாசி

புதுச்சேரியை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்சிப் பகுதியின் தலைநகரம் அது. ஆனால் மணிவிழாக் களைப்போடு மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் காரில் உட்கார வேண்டும். தவிரவும், பார்ப்பதற்கு அதிகம் இல்லாத ஊர் என்பதுதான் இவர்களுக்குத் தேவையான தகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியுமானால் பௌர்ணமியை உள்ளடக்கித் திட்டமிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் பௌர்ணமி நிலவு கதிரவன் மறையும் நேரத்தை ஒட்டிக் கடலுக்குள்ளிருந்தே எழும். முதலில் மங்கிய செம்பு நிறத்தில், சற்றே நசுங்கினாற்போல இருக்கும். மறுநாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக, நன்றாக இருட்டியபின் எழும். என்னைக் கேட்டால் அந்த இரண்டாம் நாள்தான் அழகு. ஒரே ஓர் எச்சரிக்கை: மாசிப் பௌர்ணமியை ஒட்டி மாசிமகம் வரும். அன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதால் காரைக்காலைச் சுற்றியுள்ள சாலைகளில் கூட்டம் நெரியும். அன்று நீங்கள் தரங்கம்பாடியை விட்டு வெளியே வராமலிருப்பது நல்லது.

காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்து போங்கள். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்த கோயில் அது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஏற வேண்டாம், பாசி வழுக்கும். கடலில் குளிக்கவும் வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கடற்கரையில் ஓசோன் மிகுந்திருப்பதால் ஆரோக்கியம் கூடும் என்று யாராவது சொன்னால் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதி. நமக்குப் பிடித்த அந்தக் கடல் மணம் பெரும்பாலும் நுண்பாசிகள் உண்டாக்கும் கந்தகச் சேர்மத்தால் வருவது.

டேனிஷ் கோட்டை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். மற்ற நாளில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னோலையில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அந்த உறவில் எழுந்ததுதான் இந்தக் கோட்டை. 1845-இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கோட்டையிலிருந்து 1792-இல் கட்டப்பட்ட நகர வாயில் வரை செல்லும் கிங் தெரு சமதளமானது. முழங்கால் வலியோடும் மெதுவாக நடக்கலாம். வழியில் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயமும், சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கும் 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர் அவர். ஐயா கணக்கர் என்பதால் ஆண்டுகளை ஒழுங்காகச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இவற்றையெல்லாம் ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரவு உணவை வீட்டுக்காரர்களிடமே முதல் நாள் சொல்லிவையுங்கள். மாசியில் மீன்பிடித் தடை இல்லை. ஏப்ரல் 15-இல்தான் 61 நாள் தடைக்காலம் தொடங்கும். ஆகவே நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் அன்று வந்த மீன் கிடைக்கும்.

மறுமொழி: தஞ்சைக் கணக்கர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்றாம் பாலம் அவர்களே, ஒரு நாளுக்கு மேல் பார்க்க எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபின்தான் தரங்கம்பாடி என்று உறுதிசெய்தேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று மாலை ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். நான்கு அறைகள், தரைத்தளத்தில் ஒன்று, கட்டிலிலிருந்தே கடல் தெரியும் என்கிறார்கள். குளியலறை வாசலில் ஒரு படி இருக்கிறது. கைப்பிடி பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று இரவுகளுக்கு முன்பணமும் அனுப்பிவிட்டேன். ஆசிரியை அம்மா சொன்னபடி என் மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

எல்லாம் பேசி முடித்தபின், காலையில் இருவருக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். எனக்குக் காபி, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி என்றேன். "அவங்களுக்கு?" என்றார். நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, சமையலறையைப் பார்த்து, "உனக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டேன்.

கரண்டியோடு வெளியே வந்தவர், "யார் போனில்?" என்றார். சொல்லிவிட்டேன். காபியை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆயிற்றாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் சுக்குத் தண்ணீர்தான் குடிக்கிறாராம். அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.