மறு: பூட் ஆகும்போது படிக்கப்படும் வன்பொருள் செட்டிங்ஸுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> ‘துவக்கநேர வன்பொருள் அமைப்புகள்’ என்றே வைத்துவிடலாம். பொருள் தெளிவாக இருக்கிறது.

பொருள் தெளிவுதான் ஐயா. ஆனால் லினக்ஸ் கையேட்டைத் திறப்பவர் ‘சரி, இதை எங்கே எழுதுவது?’ என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார். அதற்கு இந்தச் சொல் கைகொடுக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யூஎஸ்பி ஹப்பில் எதையும் செருகாமல் விட்டால் கர்னல் (லினக்ஸின் மைய நிரல்) இரண்டு நொடியில் அதைத் தூங்க வைத்துவிடும். என் ஹப் ஒருமுறை தூங்கினால் அப்புறம் எழவே எழாது. ஆட்டோசஸ்பெண்ட் (எவ்வளவு நேரத்தில் தூங்க வைப்பது என்ற) அளவை -1 ஆக்கினால் தூங்காது என்று தெரிந்ததால், மாட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பு போட்டு அதில் எழுதினேன். மூன்று முறை ரீபூட் செய்தும் பலனில்லை. மாலை முழுக்க அதிலேயே போனது. அந்த அடைவைப் படிப்பது மாட்புரோப் நிரல். கர்னலுக்கு வெளியே இருந்து ஏற்றப்படும் மாட்யூல்களுக்கு (தனி நிரல் துண்டுகளுக்கு) மட்டும்தான் அதன் பேச்சு செல்லும். என் கர்னலிலோ யூஎஸ்பியைக் கவனிக்கும் யூஎஸ்பிகோர் என்ற மாட்யூல் உள்ளேயே சேர்த்துத் தொகுக்கப்பட்டிருந்தது. அதை யாரும் தனியாக ஏற்றவில்லை, ஆகவே என் கோப்பை யாரும் படிக்கவில்லை. யூஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1 என்று கிரப் (கர்னலை ஏற்றிவிடும் நிரல்) வழியாக, கர்னல் தொடங்கும்போது தானே படிக்கும் கட்டளை வரியில் கொடுத்தேன், உடனே சரியாகிவிட்டது.

யார் படிக்கிறார், எப்போது படிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எழுதும் இடம் அமைகிறது. சொல்லிலும் அது தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் ‘அமைப்பு’. சிஸ்டத்துக்கும் அதுவே, நிறுவனத்துக்கும் அதுவே, செட்டிங்குக்கும் அதுவே. அதைவிட முக்கியமான காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. இணைப்பு–இணைவு, பிரிப்பு–பிரிவு போலத்தான் அமைப்பு–அமைவு. முன்னது நாம் செய்வது, பின்னது தானாக அமைவது. திரையில் ஒரு பொத்தானைத் தட்டி ஒலியைக் குறைத்தால் அது அமைப்பு. அந்த நொடியே நடந்துவிடுகிறது. பூட் கோப்பில் நாம் எழுதி வைத்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான். படிக்க வேண்டியவர் வந்து படித்தால்தான் அது அமையும். ஆகவே ‘அமைவு’.

> பூட் என்பதற்கு ‘எழுகை’ நன்றாக இருக்குமே?

அழகான சொல் அக்கா, எனக்கும் ஆசைதான். ஆனால் சஸ்பெண்டுக்கு ‘உறக்கம்’ என்று பழகிவிட்டோம். எழுகை என்றால் உறக்கத்திலிருந்து எழுவது என்றே எடுத்துக்கொள்வார்கள். அது பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடும். பூட் ஆகும்போது எச்டிபார்ம் என்ற கருவி நிரலைக் கொண்டு வன்வட்டுக்குக் கொடுத்த சில அளவுகள், கணினி உறங்கி எழுந்ததும் போய்விடக்கூடும்; வட்டுக்கு மின்சாரம் நின்றுவிடுகிறது அல்லவா. ஆகவே பூட்டையும் விழிப்பையும் ஒரே சொல்லில் அடைக்கவே கூடாது.

என் பரிந்துரை: துவக்கமைவு. துவக்கு + அமைவு, ‘ஆடரங்கு’ போல வினைத்தொகை. துவக்கம் + அமைவு என்று பிரித்து, ‘துவக்கவமைவு’ என்றுதானே வர வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

முன்னால் படிப்பவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் இடமும் தெரிந்துவிடும். கருனி என்பது கர்னல்; ‘கருனித் துவக்கமைவு’ என்றால் கர்னல் கட்டளை வரி. இயக்கி என்பது டிரைவர் மாட்யூல்; ‘இயக்கித் துவக்கமைவு’ என்றால் மாட்புரோப்.டி. என் ஹப்புக்குத் தேவைப்பட்டது கருனித் துவக்கமைவு. நான் எழுதி வைத்ததோ இயக்கித் துவக்கமைவு. ராஸ்பெரி பை கணினியில் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி கோப்பைக் கர்னல் வருவதற்கு முன்பே ஃபர்ம்வேர் (வன்பொருளை முதலில் எழுப்பும் மென்பொருள்) படித்துவிடுகிறது, ஆகவே அது ‘நிலைபொருள் துவக்கமைவு’. கையேட்டில் இயக்கித் துவக்கமைவுக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இயக்கி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) உள்ளிருந்தே ஏற்றப்பட்டால் அங்கே இருக்கும் மாட்புரோப்.டியின் பழைய நகல்தான் படிக்கப்படும். டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிய பிறகே நம் மாற்றம் உள்ளே போகும்.

> யூடெவ் விதிகளும் இதில் அடங்குமா?

அடங்காது என்றே நினைக்கிறேன். யூடெவ் என்பது ஒரு சாதனம் வந்ததும் என்ன செய்வது என்ற விதிகளை ஓட்டும் நிரல். பூட் ஆகும்போது ஏற்கெனவே இருக்கும் சாதனங்களுக்கும் அந்த விதிகள் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் நடுப்பகலில் ஒரு பென் டிரைவைச் செருகினாலும் அதே விதிதான் ஓடுகிறது. சாதனம் வந்து சேர்வதுதான் அங்கே கணக்கு. அதற்கு ‘செருகமைவு’ என்று தனிச்சொல் வைக்கலாமா? கணினிக்குள்ளேயே பொருத்தப்பட்ட ஒலி அட்டைக்குச் ‘செருகு’ பொருந்துமா என்பதுதான் என்னை உறுத்துகிறது. வேறு வினை தோன்றினால் சொல்லுங்கள்.