ரைசர் போட்ட பிறகு ஸ்னோமொபைல் ஹாண்டில்பார் ஆடுகிறது, உதவி தேவை

ஸ்காபுரோ_சுதன்
வணக்கம், அவசரம். சனிக்கிழமை ஸ்னோமொபைலை (பனி வண்டி) எடுத்துக்கொண்டு ஒன்டாரியோவில் ஹலிபர்டன் பக்கம் போகிறோம். எழுந்து நின்று ஓட்டினால் முதுகு பிடிக்கிறது என்று ஹாண்டில்பாரை உயர்த்தும் ரைசர் துண்டு வாங்கிப் போட்டேன், உயரம் இப்போது சரி, ஆனால் ஹாண்டில்பார் ஆடுகிறது. போல்ட் எல்லாம் நன்றாக இறுக்கியாயிற்று. இதை எப்படிப் பலப்படுத்துவது? இரும்புப் பட்டை ஏதாவது வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

காட்டுப்பாதை
என்ன மெஷின், எந்த ஆண்டு, ரைசர் எத்தனை அங்குலம்? ஆடுகிறது என்றால் எப்படி? முன்னும் பின்னும் சாய்கிறதா, இடம் வலமாக முறுகுகிறதா, இல்லை ஹாண்டிலைத் திருப்பிய பிறகும் முன்னால் உள்ள ஸ்கீ (சறுக்குப் பலகை) கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புகிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு.

வெல்டர்_வாசன்
தம்பி, ரைசரையும் அதைத் தாங்கும் தண்டான ஸ்டீயரிங் போஸ்டையும் சேர்த்து இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்து வெல்ட் அடித்துவிடுங்கள். பிறகு யானை இழுத்தாலும் அசையாது.

பழைய_ஸ்லெட்
ஒவ்வொரு டிசம்பரிலும் இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தொட்டால் கை சுடாது. ரைசர் ஒரு நெம்புகோல், உயரம் கூடக் கூட அடியில் உள்ள கிளாம்பின் மேல் விழும் பளு கூடும், இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெல்ட் அடிக்கச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை: ரைசர்கள் பெரும்பாலும் அலுமினியம். 6061-டி6 என்ற ரக அலுமினியத்துக்குப் பலம் வருவதே அதற்கு ஏற்றிய சூட்டுப் பதத்தால்தான். வெல்ட் விழுந்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய், பலம் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். முறிவது வெல்டுக்குப் பக்கத்தில்தான், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்.

வெல்டர்_வாசன்
நான் சொன்னது இரும்பு ரைசருக்கு.

பழைய_ஸ்லெட்
இரும்பு என்று அவர் எங்கே எழுதினார்?

வெல்டர்_வாசன்
அலுமினியம் என்றும் எழுதவில்லையே ஐயா.

டைராட்_தேவன்
ரைசரை விடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு ஸ்கீயைத் திருப்பும் டை ராட் கம்பியின் முனைதான் தேய்ந்து போயிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, ஒருவர் ஸ்கீயைப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஹாண்டிலை மெதுவாக ஆட்டட்டும். டை ராட் முனைகள், ஸ்கீ திரும்பும் அச்சான ஸ்பிண்டிலின் புஷ் (உள்வளையம்), போஸ்டின் மேல் புஷ், கீழ் புஷ் என்று ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள், தேய்ந்த மூட்டு விரலுக்குக் கீழே டக் என்று தட்டும்.

ஸ்காபுரோ_சுதன்
2014, 600 சிசி, ட்ரெய்ல் மெஷின். ஆட்டம் முன்னும் பின்னும்தான், கொஞ்சம் முறுக்கும் இருக்கிறது. ரைசர் அலுமினியம். வாங்கும்போதே 2 அங்குலம் ஒன்று இருந்தது, நான் அதன் மேல் 4 அங்குலம் போட்டேன். பார் பழையதுதான்.

காட்டுப்பாதை
அதன் மேலா! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம். போஸ்டுக்கும் முதல் ரைசருக்கும் இடையில் ஒரு பிடி, இரண்டு ரைசருக்கும் நடுவில் ஒன்று, மேலே பாருக்கு ஒன்று. மூன்றும் மயிரிழை வழுக்கினாலே கைப்பிடியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். பட்டை வைப்பதற்கு முன் எது வழுக்குகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிப் பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கிளாம்பின் முன் இடைவெளியும் பின் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும் (சில கிளாம்ப் ஒரு பக்கம் முழுதாக மூடும் வகை, ரைசரோடு வந்த தாளைப் பாருங்கள்), போல்டைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். "நன்றாக இறுக்கினேன்" என்பது அளவில்லை, அலுமினியத்தில் மரை உரிந்து போயிருந்தாலும் இறுகின மாதிரித்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு எங்கே விலகுகிறதோ அங்கேதான் வழுக்கல். மூட்டு ஓரத்தில் கறுப்பு மாவு கசிந்திருந்தாலும் அதே அர்த்தம், அலுமினியம் உரசி வரும் தூள் அது.

உண்மையான தீர்வு இரண்டையும் எறிந்துவிட்டு ஒரே துண்டு ரைசர் போடுவது. இல்லாவிட்டால், உங்கள் மெஷினின் அதே அடிச்சட்டத்தில் (சேசிஸ்) மலை மாடல் இருந்தால் அதன் நீளமான ஸ்டீயரிங் போஸ்ட் பொருந்துமா என்று பாருங்கள். பாரில் குறுக்குக் கம்பி போட்டால் பார் வளைவது குறையும், அவ்வளவுதான், ரைசர் மூட்டுக்கு அதனால் பயன் இல்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: எஞ்சினை ஐடிலில் விட்டு ஹாண்டிலை இடது கோடி, வலது கோடி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் த்ராட்டில் கேபிள் இழுபடுகிறது, ஓட்டாதீர்கள். 6 அங்குலம் ஏற்றியும் பழைய கேபிள் தளர்வாக இருக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ரெவல்ஸ்டோக்_ரவி
ஒன்டாரியோ ட்ரெய்லுக்கு 6 அங்குலம் எதற்குங்க? இங்கே ரெவல்ஸ்டோக் மலையில் ஆழப் பனியில் நாள் முழுக்க நின்று, ஒற்றைக் காலில் மெஷினைச் சாய்த்து ஓட்டுகிறோம், எங்களுக்கு அது வேண்டும். அங்கே சமதளம், 50 கிமீ வேகம், உட்கார்ந்து போகலாமே.

வெல்டர்_வாசன்
ஞாயிறு பின்னேரம் இங்கே வந்து ஓட்டிப் பாருங்கள் அண்ணை. அத்தனை பேர் ஓடி முடிந்த ட்ரெய்லில் வரிசையாகக் குழியும் மேடும், உட்கார்ந்தால் முதுகெலும்புதான் ஷாக் அப்ஸார்பர். 50 போக எங்கே விடுகிறது?

ரெவல்ஸ்டோக்_ரவி
அதற்கு முதலில் சஸ்பென்ஷனைச் செட் பண்ண வேண்டும், ஹாண்டிலை உயர்த்தி என்ன பயன்?

பழைய_ஸ்லெட்
உங்கள் உயரத்துக்குச் சரியான பார் போட்டாலே நிற்கலாம் உட்காரலாம். ஆனால் இந்த இழையில் ஒருவர்கூட அவருடைய உயரத்தைக் கேட்கவில்லை.

காட்டுப்பாதை
நீங்களும் கேட்கவில்லை.

ஸ்காபுரோ_சுதன்
கோடு நடு மூட்டில் விலகியது, கறுப்புத் தூளும் இருந்தது. இரண்டையும் கழற்றிவிட்டேன். பழைய உதிரிக் கடையில் நீளமான போஸ்ட் கிடைத்தது, த்ராட்டில் கேபிளும் பிரேக் ஹோஸும் எட்டவில்லை, அவற்றையும் மாற்றினேன். இப்போது ஆட்டம் இல்லை. எல்லாருக்கும் நன்றி.

காட்டுப்பாதை
நல்லது. ஹோஸ் மாற்றிய பிறகு பிரேக்குக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினீர்களா? லீவர் கைப்பிடி வரை போனால் ட்ரெய்லரில் ஏற்றவே வேண்டாம்.

டைராட்_தேவன்
சரி, அந்த டை ராட் முனையைப் பார்த்தீர்களா இல்லையா?